எட்டுக்கு எட்டு வாசல்

போன மார்கழி முதல் தேதி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு அது தொடங்கியது. நேரத்தை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐந்து முப்பத்தொன்றுக்கே ஞானதிரவியம் படியிறங்கி வந்து என் கதவைத் தட்டிவிட்டார். நீங்கள் பார்க்க வந்திருக்கிற முதல்மாடி வீட்டில் அப்போது குடியிருந்தவர் அவர்தான்.

உட்காருங்கள், தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். சாவி என்னிடம் இருக்கிறது. வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லும் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இங்கே சத்தம் ஏதும் இருக்குமா, மேடம்?" என்பது. நல்ல கேள்வி. ஆனால் ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை எழுதக்கூடிய கேள்வி அல்ல. முறையாகச் சொல்கிறேன். முடித்தபின் சாவியைத் தருகிறேன்.

என் பெயர் தையல்நாயகி. இதே திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவள். இந்தச் செவ்வந்தி அடுக்ககத்தின் முன்வாசல் ஒன்பது ஆண்டுகளாக மார்கழி மாதத்தில் என்னுடையது. சொத்தாக அல்ல, அந்த மாதம் முழுவதும் அங்கே கோலம் போடும் உரிமையைச் சொல்கிறேன். மற்றவர்கள் அவரவர் கதவுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். முன்வாசல் ஒருவருக்குத்தான். அதற்கு முன்பெல்லாம் விதி என்று ஒன்றும் கிடையாது. ஒருவர் போட்ட கோலத்தின் மேல் இன்னொருவர் பினாயில் ஊற்றினார். ஒருவர் ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டிவிட்டு, முகத்தில் ஒரு கூச்சமும் இல்லாமல் பரிசு கேட்டார். அதனால் சங்கத்தார் என்னிடம் வந்து விதி எழுதித் தரச் சொன்னார்கள்.

எழுதிக் கொடுத்தேன். கோலத்தைப் போடுபவர் தம் கையாலேயே போட வேண்டும். நேற்றுப் போட்டது இன்று வரக் கூடாது. சூரியன் உதிக்கும் முன் முடித்திருக்க வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலோ, ஒரு புள்ளி பிசகினாலோ, வாசல் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும். ஆட்சேபம் சொல்லும் உரிமையும் அந்த அடுத்தவருக்கு மட்டுமே உண்டு. இல்லாவிட்டால் ஆளாளுக்குக் கோலத்தைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த அடுத்தவர் மரகதவல்லி அம்மையார். இரண்டாம் மாடி, ஞானதிரவியம் இருந்த வீட்டுக்கு நேர் மேலே. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது மார்கழியாகப் பால்கனியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்று, என் கோலத்தில் ஒரு பிசகு வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. இத்தனை காலம் கல்லூரியில் கற்பித்தவளை அவர் "டீச்சரம்மா" என்றுதான் அழைப்பார். நானும் திருத்திப் பார்த்தேன். பலனில்லை.

போன ஐப்பசியில் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, தை பிறக்கும்வரை கோலப்பொடியை நினைக்கவும் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அவர் இளைஞர். அது எவ்வளவு பெரிய சொல் என்று அவருக்குத் தெரியாது. ஆண்டில் பதினோரு மாதம் என் கதவு மணியைக் கூரியர்காரர் மட்டுமே அடிக்கிறார். மார்கழியில்தான் இந்தக் கட்டடத்தில் உள்ள அத்தனை பேரும் என் எதிரில் ஒரு நிமிடமாவது நின்று, "இன்னிக்கு என்ன மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வாசல் ஒருமுறை கைமாறினால் திரும்பி வருவதில்லை. மரகதவல்லி அம்மையாருக்கும் பிசகு வராது. இதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலவரத்தைச் சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. என் தம்பி மகன் நீலவண்ணன் சென்னையில் விளம்பரங்களுக்கு இசை அமைக்கிறவன். நாற்பது வயதாகிறது, ஆனால் இன்னும் பொருள்களை வைத்த இடத்தில் எடுக்கத் தெரியாது. வேலையாகச் சிங்கப்பூர் போகும்போது என் வீட்டில் சில மூட்டைகளைப் போட்டுவிட்டுப் போனான். அவற்றில் ஒன்றைப் பிரித்தால், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி. மேலே சதுரமான ரப்பர்ப் பொத்தான்கள். தொட்டால் ஒளிர்கின்றன. வரிசைக்கு எட்டு, எட்டு வரிசை.

எட்டுக்கு எட்டு, தம்பி! நேர்ப்புள்ளி. பிள்ளையார் சுழி போட்டு எனக்கென்றே செய்து அனுப்பியதுபோல் இருந்தது. உடனே விதித்தாளை எடுத்துப் படித்தேன். தம் கையால் போட வேண்டும்: விரலால்தானே அழுத்துகிறேன். தினம் புதிதாக இருக்க வேண்டும்: இருக்கும். தரையில் போட வேண்டும் என்று நான் எழுதவில்லை. மாவு என்றும் எழுதவில்லை. வேறு எதில், எங்கே போடப்போகிறார்கள் என்று எண்ணியிருக்கிறேன். பாருங்கள், எழுதாமல் விட்டது எழுதியதைவிட உதவியாக இருந்தது.

நீலவண்ணனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

"அத்தை, அது கோலம் போடற பெட்டி இல்ல. இசை போடற பெட்டி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சத்தம். இடப்பக்கத்திலேர்ந்து வலப்பக்கமா ஒரு கோடு ஓடிக்கிட்டே இருக்கும். எரியற பொத்தானை அது தொட்டா சத்தம் வரும்."

"எரியுமா, எரியாதா? அதை மட்டும் சொல்."

"எரியும் அத்தை. ஆனா..."

"போதும்."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வரும் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முதல் நாள் காலை முன்வாசலில் காவலாளியின் மேசையில் பெட்டியை வைத்து, நீலவண்ணன் அதோடு விட்டுப்போயிருந்த ஒலிபெருக்கியையும் சேர்த்து மின்சாரம் கொடுத்தேன். கருவியோடு வந்த எதையும் பிரிக்கக் கூடாது என்பது ஆய்வகத்தில் நாங்கள் கற்ற ஒழுக்கம். தொடக்கத்துக்கு எளிய கோலமாகச் சுற்றிலும் ஒரு சதுரக் கட்டம் போட்டேன். பக்கத்தில் முக்கோணம் வரைந்த பொத்தான் ஒன்று இருந்தது. முக்கோணத்துக்குப் பொருள் என்னவென்று பார்க்க அதை அழுத்தினேன்.

நீலவண்ணன் அதில் என்னென்ன சத்தங்களை வைத்திருந்தான் என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாம் அவன் செய்த விளம்பரங்களிலிருந்து எடுத்தவை. முதல் வரிசை, கற்பூர விளம்பரத்துக் கோயில்மணி. இரண்டாவது கைதட்டல். மூன்றாவது மேளம். நான்காவது மசாலாப்பொடி விளம்பரத்தில் வரும் குக்கர் விசில். ஐந்தாவது, எண்ணெய் விளம்பரத்தில் ஒருவர் அப்பளத்தைக் கடித்துவிட்டு "ஆஹா!" என்பாரே, அது. ஆறாவது குழந்தைச் சிரிப்பு. ஏழாவது ஆடு. எட்டாவது சிமெண்டு விளம்பரத்துக்காக எதையோ உயரத்திலிருந்து போட்டுடைத்த 'தொம்'.

சதுரக் கட்டத்தில் முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் எட்டுப் பொத்தானும் எரியும் அல்லவா? எட்டும் ஒரே நேரத்தில் பேசின. நடுவில் மணியும் தொம்மும் மட்டும் ஆறு தடவை. மறுபடி எட்டும். மறுபடி முதலிலிருந்து. காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். விசில் கேட்டு வீடுவீடாக அடுப்பை அணைக்க ஓடினார்கள். அடுப்பே பற்றவைக்காதவர்களும் ஓடினார்கள். அப்போதுதான் ஞானதிரவியம் என் கதவைத் தட்டினார். நான் வாசலில் இருந்ததால் வாசலுக்கு வந்தார்.

"மேடம், என்ன மேடம் இது?"

"கட்டக் கோலம்."

"கோலம்னா ஏன் மேடம் 'ஆஹா'ங்குது?"

அதற்கு என்னிடம் அன்று விடை இல்லை. இல்லாததை இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் மாலை சங்கத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. செயலாளர் கோதண்டம் நல்ல மனிதர். எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று தெரியும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"என் சம்சாரம் கேக்கறா சார்," என்றார் ஞானதிரவியம். "காலங்காத்தால யாரைப் பார்த்து அந்த ஆள் ஆஹாங்கறான்னு. நான் என்னன்னு சொல்றது?"

மரகதவல்லி அம்மையார் எழுந்தார். "இது கோலமே இல்லீங்க. விளையாட்டுப் பெட்டியை வெச்சுக்கிட்டு டீச்சரம்மா வாசலைப் பிடிச்சுக்கப் பாக்கறாங்க. தரையில போடணும்னு விதியில இருக்கும், படிங்க."

கோதண்டம் படித்தார். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"இல்லீங்களே, அம்மா."

"இல்லையா? கொண்டாங்க இப்படி." அவரே வாங்கிப் படித்தார். "சர்வீஸ் பூரா பத்திரம் பார்த்தவ நான். நாலு எல்லை எழுதாத பத்திரத்தை இப்பத்தான் பாக்கறேன். டீச்சரம்மா, தெரிஞ்சே விட்டீங்களா?"

"தெரியாமல் விட்டேன். தெரிந்து பயன்படுத்துகிறேன்," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெட்டி விதிக்குள் அடங்கும் என்று முடிவாயிற்று. ஆனால் இடவலம் ஒத்திருக்க வேண்டும், நாள் தவறக் கூடாது. ஒரு பொத்தான் பிசகினாலும் வாசல் கைமாறும். "அதை நான் பாத்துக்கறேன்," என்றார் அவர்.

ஆக, தினம் ஒரு புதுக் கோலம். அதுவும் எனக்குப் பழக்கமில்லாத ஒரு கருவியில். பாடத்திட்டம் வகுப்பதுபோல் வகுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு கோலம், ஒரு நாளைக்கு ஒரு பொத்தான். மிகையாக ஆசைப்படவில்லை. விளக்கு போட்ட அன்று, ஓடும் கோட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கற்றேன். பால்காரர் அதன் வேகத்துக்கே சைக்கிளை மிதித்து, இறங்க முடியாமல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். மீன் போட்ட அன்று, ஒரு வரிசையை முழுவதுமாக ஊமையாக்கும் பொத்தானைக் கற்றேன். ஊஞ்சல் போட்ட அன்று, விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் பெரிதாகவும் சிறிதாகவும் வரும் என்று தெரிந்தது. மெல்லத் தொட்டால் ஆடு எங்கோ தொலைவில் நிற்கும். பலமாகத் தொட்டால் காதருகே வந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்தது. இடமும் வலமும் ஒத்த கோலம் போனவழியே திரும்பி வருகிறது. மணி, மேளம், விசில், ஆஹா என்று போனால், ஆஹா, விசில், மேளம், மணி என்று வந்து சேர்கிறது. பணியில் இருந்த காலமெல்லாம் சமச்சீர் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அது நடந்து போய்த் திரும்பி வருவதை ஒருநாளும் கேட்டதில்லை.

இதை நீலவண்ணனிடம் சொன்னபோது அவன் குதித்தான். "அத்தை, எங்க ஆளுங்க ஊர் ஊருக்கு இதேதான் பண்ணிட்டிருக்காங்க! ஒரு மாசம், ஒரே பெட்டி, தினம் புதுசா ஒண்ணு. பெட்டியைப் பழகறதுக்கு. நீங்களும் பதிவு பண்ணி அனுப்புங்க, சேத்துவிடறேன்."

"அவர்கள் இசை அமைக்கிறார்கள். நான் கோலம் போடுகிறேன்."

"வித்தியாசம் என்ன அத்தை?"

"கோலத்தில் தவறு செய்தால் தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், தம்பி. இசை எனக்குத் தெரியாது. நான் ஒரு சுரம்கூடப் பாடியவள் அல்லள். சத்தத்தை வைத்துக் கோலத்தைச் சரிபார்த்தேன், அவ்வளவுதான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு பொத்தான்கள் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும் விடியற்காலையில், காது நன்றாகவே வேலை செய்கிறது.

ஒருநாள் ஞானதிரவியம் வந்து மிகவும் பணிவாக, "மேடம், இந்தத் திருகை இப்படித் திருப்பினா சத்தம் நின்னுடும்," என்று தாமே திருப்பிக் காட்டினார். எனக்கு அது தெரியாது என்று எண்ணிவிட்டார். சரி, அவரும் குடியிருப்பவர்தானே என்று ஒரு காலை ஓசையில்லாமல் கோலம் போட்டேன். விடிந்தபின் பார்த்தால், நட்சத்திரத்தின் ஒரு முனை ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. நல்லவேளையாக அன்று நல்ல பனி, மரகதவல்லி அம்மையார் கீழே இறங்கி வரவில்லை. ஒன்பது மணிவரை அந்தத் தவறு வாசலில் கிடந்தது. தவறு காதில் விழ வேண்டும், தம்பி. வகுப்பில் வாயைத் திறக்காத மாணவியின் தவறைத் திருத்தவே முடியாது. மறுநாளே சத்தத்தைப் பழைய அளவுக்கு வைத்தேன். சற்றுக் கூடுதலாகவே வைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஞானதிரவியம் குடும்பத்துக்காகவே குறிப்பாக ஒரு நட்சத்திரம் போட்டேன். மணியும் குழந்தையும் ஆடும் மாறிமாறி வந்தன. மற்றவற்றை ஊமையாக்கிவிட்டேன். நாளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று விடியலுக்கு வெகு முன்பே தொடங்கினேன். அவர் நன்றி சொல்லவில்லை. தையில் அவருக்கு மாற்றல் என்று காலி செய்தார். மாற்றல் இதே ஊரில்தான், நான்கு தெரு தள்ளி. அலுவலகங்கள் ஏன் இப்படி மனிதர்களை அலைக்கழிக்கின்றனவோ.

மரகதவல்லி அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஓசையில்லாத நாளுக்கு மறுநாள், நான் ஊதுவத்திக் கூடு கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"டீச்சரம்மா! ஆஹா நாலு வரணும். மூணுதான் வந்துச்சு."

பார்த்தேன். ஐந்தாம் வரிசையில் ஒன்றை விட்டிருந்தேன். அழுத்தினேன்.

"இப்ப சரி. விசில் ஒண்ணு முந்திக்கிட்டு வருது பாருங்க."

அதுவும் உண்மை. பால்கனியிலிருந்து பெட்டியின் பொத்தான் தெரியாது. காவலாளியின் மேசைக்கு மேலே தகரக் கூரை இருக்கிறது. நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவர் காதால் கேட்டுத்தான் சொன்னார். ஒன்பது ஆண்டு என் கோலங்களில் குற்றம் தேடியவர் அல்லவா, அவருக்கு என் தாமரையும் தேரும் என்னைவிட நன்றாகவே மனப்பாடம். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். நான் போடுவேன், அவர் மேலேயிருந்து, "மேளம் தூங்குது," "கொழந்தை ரொம்பச் சிரிக்குது, ஒண்ணைக் குறைங்க," "அந்த ஆட்டை யாராவது புடிச்சுக் கட்டுங்களேன்" என்று கத்திக்கொண்டே இருப்பார். நானும் விடுவதில்லை. "ஆட்டைக் கட்டினால் தேருக்குச் சக்கரம் போய்விடும், அம்மையாரே" என்பேன். "போகட்டுமே, சக்கரமில்லாத தேரை நான் பார்த்ததே இல்லையா?" என்பார். நடுவில் முதல்மாடி ஜன்னல் படாரென்று சாத்தப்படும்.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சூரியன் உதிக்கும் முன் திருத்திய பிசகு விதிப்படி பிசகு ஆகாது. அவர் வாயை மூடிக்கொண்டு, உதித்தபின் சொல்லியிருந்தால், எத்தனையோ நாள் வாசல் அவருடையதாகியிருக்கும். அந்த எளிய கணக்கு அவருக்கு எட்டவில்லை. பொறுமை போதாது. அரசுப் பணியில் இருந்தவர்கள் சிலருக்கு வந்த கோப்பை உடனே தள்ளிவிட வேண்டும் என்ற பழக்கம் இருக்கும்.

இப்படியே மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லி வந்தது. இங்கே அந்த நாளில் சங்கத்தார் எல்லோரும் முன்வாசலில் கூடி, கோலத்தைப் பார்வையிட்டு, சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, அடுத்த ஆண்டு வாசல் யாருக்கு என்று அறிவிப்பார்கள். அன்றைக்கென்று எட்டிதழ்த் தாமரையை வைத்திருந்தேன். ஐந்தரைக்குத் தொடங்கினேன். ஆறுக்கு முன்பே முடிந்துவிட்டது. இடவலம் ஒத்திருந்தது. விளிம்பில் ஒரு பிசகு இல்லை. ஓடவிட்டுக் கேட்டேன்.

சரியாக இல்லை.

தவறு இருந்தது என்று சொல்லவில்லை. கணக்கு சரி. ஆனால் சரியாக இல்லை. இரண்டாம் பத்தியில் ஆடு கத்துகிறது. அது நன்றாக இருந்தது, யாரையோ தேடுவதுபோல. பிறகு மேளமும் மணியும் எழுந்து, நடுவில் தாமரையின் மொட்டு, பிறகு இறக்கம், ஏழாம் பத்தியில் அதே ஆடு மறுபடியும். அந்த இரண்டாவது ஆடு எல்லாவற்றையும் கெடுத்தது. தேடியதைக் கண்டுபிடித்தபின்பும் கத்திக்கொண்டிருக்கிற ஆடு! அந்தப் பொத்தானை அணைத்தேன். தாமரையில் ஓரிதழ் முறிந்தது. கேட்டேன். மூச்சு விட்டாற்போல் இருந்தது. மறுபடி ஏற்றினேன். கெட்டது. அணைத்தேன். சரியாயிற்று. வரிசை முழுவதையும் ஊமையாக்கிப் பார்த்தேன். ஆடே இல்லாமல் அது தாமரையே அல்ல. போகும்போது ஆடு வேண்டும், தம்பி. வரும்போது வேண்டாம்.

கிழக்கே வெளுத்துவிட்டது. விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தினால் வாசல் என்னுடையது. அழுத்தாவிட்டால் அடுத்த மார்கழியில் நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, வாசலில் நிற்பவர்கள் மரகதவல்லி அம்மையாரிடம் "இன்னிக்கு என்ன?" என்று கேட்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் நான் தெளிவாகவே எண்ணிப் பார்த்தேன். மேலேயிருந்து அன்று ஒரு சத்தமும் வரவில்லை. வந்திருந்தாலாவது ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். சூரியன் வந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டேன்.

எல்லோரும் கூடினார்கள். பொங்கல் அண்டாவும் வந்தது. கோதண்டம் குடைக்காம்பால் ஒவ்வொரு கட்டமாகச் சுட்டி எண்ணினார். ஏழாம் வரிசையில் நின்றார். குடையை இடப்பக்கம் கொண்டுபோனார், வலப்பக்கம் கொண்டுவந்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"மேடம், இங்க..."

"நீங்கள் சொல்லக் கூடாது," என்றேன். "ஆட்சேபம் சொல்லும் உரிமை அடுத்தவருக்கு மட்டும்தான்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். மரகதவல்லி அம்மையார் சால்வையோடு நின்றிருந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்றும் முடிந்தது. பத்திரத்தில் கையெழுத்து அரை அங்குலம் விலகியிருந்தாலும் திருப்பி அனுப்பியவர் என்று அவரே பெருமையாகச் சொல்வார். நான் தயாராகவே நின்றேன்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றார். "பொங்கல் ஆறுது, குடுங்க."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தவறான விடைக்கு முழு மதிப்பெண் போடும் திருத்துநர்களை என் பணிக்காலம் முழுவதும் எதிர்த்தவள் நான்.

"மரகதவல்லி அம்மையாரே, இறங்கி வந்து பாருங்கள். ஏழாம் வரிசை, ஏழாம் கட்டம்."

முனகிக்கொண்டே இறங்கி வந்தார். மேசையருகில் நின்று, குனிந்து, நன்றாகப் பார்த்தார்.

"பாத்துட்டேன்."

"என்ன தெரிகிறது?"

"ஏழாம் வரிசை, ஏழாம் கட்டம் தெரியுது."

"அது எரிகிறதா?"

"செயலாளர் சார், எனக்கு ஆட்சேபம் இல்ல. எழுதிக்குங்க."

"எனக்கு இருக்கிறது!" என்றேன்.

கோதண்டம் விதித்தாளைப் புரட்டினார். "மேடம், உங்க கோலத்துக்கு நீங்களே ஆட்சேபம் சொல்ல இதுல இடமில்லீங்களே."

"அப்படியானால் விதியைத் திருத்துங்கள்."

"அதுக்குப் பொதுக்குழுவைக் கூட்டணும், மேடம். நெய் உறைஞ்சுடும்."

நெய் உறைந்துவிடும் என்பதற்காக ஒரு விதி வென்றது. வாசல் மீண்டும் என்னுடையதென்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், பெட்டியும் இரண்டாம் வரிசையில் தன் பங்குக்குத் தட்டியது. நான் தட்டவில்லை. மரகதவல்லி அம்மையாரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் தொன்னையை இடது கையில் வைத்துக்கொண்டு, வலக்கை விரல்களால் மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தவே இல்லை. ஆடு வருகிற இடத்தில் ஒரு தட்டு. ஆடு இல்லாத இடத்தில் விரல் அந்தரத்திலேயே நின்றுவிடும். பிறகு மறுபடியும் தொடங்கும்.

கோபம் எல்லாம் அப்போதே போய்விட்டது. ஒரு சாண் தொலைவில் அணைந்திருக்கும் பொத்தானைப் பார்க்க முடியவில்லை. விரல்களும் தம்மை அறியாமல் நடுங்குகின்றன. தனியாக வசிக்கும் பெண்மணி. பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். யாராவது கவனிக்க வேண்டாமா? ஒன்பது ஆண்டு எதிரே நின்றவரை அந்த நிலையில் விட்டுவிடலாமா, நீங்களே சொல்லுங்கள். நேரடியாகவே சொன்னேன்: "உங்கள் கண்ணைக் காட்ட வேண்டும். நரம்பையும் காட்ட வேண்டும். நான் அழைத்துப் போகிறேன்." அவர் தொன்னையை மேசையில் வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு, "சரி, டீச்சரம்மா, எப்பன்னு சொல்லுங்க," என்றார். இவ்வளவு எளிதாக இணங்கியதே நோயின் கடுமையைக் காட்டியது.

தை மூன்றாம் தேதி கண் மருத்துவரிடம் போனோம். கட்டணத்தை நான் கொடுத்தேன். ஆட்டோவுக்குப் போகும்போது அவர் கொடுத்தார், வரும்போது நான் கொடுத்தேன். கண்ணில் குறையே இல்லை, தொலைவில் உள்ள எழுத்தைக்கூட என்னைவிட நன்றாகப் படிக்கிறார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மாசியில் நரம்பு மருத்துவர். அதற்கும் நான்தான் கொடுத்தேன். அவரும் ஒன்றுமில்லை என்றார். வரும் வழியில் காபிக்கும் அடைக்கும் மரகதவல்லி அம்மையார் கொடுத்தார். இரண்டாவது காபிக்கும் அவரே கொடுத்தார். எனக்கு இந்த இரண்டு மருத்துவர்கள் மேலும் நம்பிக்கை இல்லை. தஞ்சாவூரில் நல்லவர் ஒருவர் இருக்கிறாராம். அங்கே போக ரயில் கட்டணமும், அவருக்கான கட்டணமும், பங்குனி பிறந்ததும் தாமே தருவதாக மரகதவல்லி அம்மையார் சொல்லியிருக்கிறார். சத்தம் இருக்குமா என்று கேட்டீர்களே, விடை இதுதான், தம்பி; இந்தாருங்கள் சாவி.